பட்டறையில் கற்ற பாடம்

நம் கல்லூரியிற் சேரும்போது நிரப்பிக் கொடுக்க வேண்டிய தாளில் 'பாதுகாவலரின் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அக்கட்டத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். அது முழுப் பொய்யன்று. முழு மெய்யும் அன்று. நான் எட்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தபோது என் தந்தையார் காலமானார். அன்று முதல் என் தாயாரையும் என்னையும் தாங்கி வருபவர் என் தாய்மாமன். அவர் மஞ்சக்குப்பத்தில் மோட்டார்ப் பட்டறை வைத்து நடத்துகிறார். முதலாம் ஆண்டில் ஒரு நாள், கட்டணத்திற்குரிய பணத்தை எடுத்துக்கொண்டு வேலை உடையோடே அவர் என் விடுதிக்கு வந்தார். நகக்கண்களில் எண்ணெய்க் கறை இருந்தது. யாரென்று வினவிய அறைத்தோழர்களிடம், "எங்கள் ஊர்க்காரர்" என்று சொன்னேன். மாமா அருகிலேதான் நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, கடைச்சங்கத்தைப் பற்றியோ காப்பியச் சுவையைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் நான் கற்ற ஒரு பாடம், எழுதாமல் விடக்கூடாததாக மனத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அஃது ஏட்டிலிருந்து வந்ததன்று. ஒரு மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டியிலிருந்து வந்தது.

கடலூரை அறியாதவர்க்கு ஒரு சொல். கெடிலத்திற்கும் தென்பெண்ணைக்கும் இடையே உள்ளது மஞ்சக்குப்பம். துரைத்தன காலத்துக் கட்டடங்களும் பெரிய மைதானமும் அதன் அடையாளங்கள். கிழக்கே, கடலோரத்துத் தேவனாம்பட்டினத்தில், 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டை இடிந்து கிடக்கிறது. கோட்டையைப் பார்க்க வெளியூரார் வருவதுண்டு. மாமாவின் பட்டறைக்கும் வெளியூரார் வருவதுண்டு என்பதை இந்தக் கோடையிலேதான் அறிந்தேன். காரணம் இது: கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளைக் கண்டால், "சென்னைக்குக் கொண்டு போங்கள்" என்று கை கழுவுவோரே பலர். மாமா கை கழுவுவதில்லை. இளமையில் அவர் நெய்வேலியில் தொழில் கற்றவர். 1956இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்தில் மண் தள்ளும் புல்டோசர்களையும் மண் சுமக்கும் டம்பர்களையும் பழுது பார்த்த ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். சிறிய காரின் தானியங்கிப் பெட்டிக்குள் இருக்கும் சூத்திரம், அந்த ராட்சத யந்திரங்களுக்குள் பெரிய உருவில் இருப்பதுதான்.

நான் பட்டறைக்குச் சென்றது விருப்பத்தினால் அன்று. மே மாதத்தில் உதவியாள் ஒருவன் ஊருக்குப் போய்விட்டான். கணக்கெழுதவும் சாமான் எடுத்துக் கொடுக்கவும் ஒருவன் வேண்டும் என்று மாமா என் தாயாரைக் கேட்டார். கம்பனும் இளங்கோவும் படிப்பவன் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதா என்று உள்ளூர முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

முதல் நாளே மாமா ஒரு பழைய சக்கரத் தொகுதியை என் கையிற் கொடுத்து, "மாப்பிள்ளை, இதைச் சுற்றிப் பார்" என்றார். நடுவில் ஒரு பற்சக்கரம். அதைச் சூழ்ந்து மூன்று சிறு பற்சக்கரங்கள். அம்மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு தாங்கி. எல்லாவற்றையும் வெளியே வளைத்து, உட்புறம் பற்கள் வெட்டிய ஒரு வளையம். நடுவில் உள்ளதைச் சூரியன் என்றும், சுற்றுபவற்றைக் கோள்கள் என்றும் பொறியாளர் அழைக்கின்றனர். கோள்கள் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றி வருவதால் அப்பெயர் வந்தது. நான் உடனே 'ஞாயிற்றுச் சக்கரம், கோட்சக்கரம், வளையச் சக்கரம்' என்று பெயர் வைத்தேன். மாமா சிரித்துவிட்டு, "பெயர் நன்றாக இருக்கிறது, இனி ஒன்றைப் பிடித்து நிறுத்து" என்றார்.

வளையத்தை விரலாற் பிடித்து நிறுத்திச் சூரியனைச் சுழற்றினேன். தாங்கி அதே திசையில், ஆனால் மெதுவாகச் சுழன்றது. சூரியனுக்கு 30 பற்களும் வளையத்துக்கு 60 பற்களும் இருக்குமானால், சூரியன் மூன்று சுற்றுச் சுற்றும்போது தாங்கி ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறையும், இழுக்கும் வலிமை கூடும். மேடு ஏறுவதற்கு இதுவே வேண்டும். அடுத்துத் தாங்கியைப் பிடித்து நிறுத்தினேன். வளையம் எதிர்த்திசையில் ஓடியது. பின்னோக்கிச் செல்லும் கியர் இதுவே. பிறகு மாமா எந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சுழற்றச் சொன்னார். தொகுதி முழுவதும் ஒரே கட்டியாகச் சுழன்றது. எதை ஓட்டுகிறோம், எதை நிறுத்துகிறோம், எதை எதனோடு பிணைக்கிறோம் என்பதனாலேயே இத்தனை வகை வேகமும் பிறக்கின்றன. பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டியதே இல்லை.

இச்சூத்திரம் நேற்றுத் தோன்றியதன்று. 1901இல் கிரேக்க நாட்டு ஆண்டிகித்திரா என்னும் தீவின் அருகே கடலுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட, ஏறத்தாழ 2000 ஆண்டுகட்கு முந்திய வெண்கலக் கருவியிலும் சக்கரத்தின்மேல் சக்கரம் ஊர்ந்து சுழலும் அமைப்பு இருந்ததென்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். வானத்துக் கோள்களைக் கணிக்கச் செய்த கருவி அது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனத்தார் செய்த மாடல் டி என்னும் கார், கோட்சக்கரப் பெட்டியாலேயே ஓடியது. ஆனால் அதில் கியரை ஓட்டுநரின் கால் மாற்றியது. அவ்வேலையை எண்ணெய் அழுத்தமே செய்துகொள்ளும் பெட்டியை 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஹைட்ராமாட்டிக் என்னும் பெயரால், மறு ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வைத்து விற்றனர். இக்காலத்தில் ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படுவன எல்லாம் ஒரே இனம் என்று எண்ணிவிடலாகாது. 2014இல் செலேரியோ கார் வந்ததிலிருந்து நம் நாட்டிற் பரவிய ஏ.எம்.டி. என்பது, சாதாரணக் கியர்ப் பெட்டியில் மனிதனுக்குப் பதிலாக ஒரு கருவி கிளட்சையும் கியரையும் இயக்கும் ஏற்பாடு. நான் இங்கே பேசுவது கோட்சக்கரப் பெட்டியைப் பற்றி மட்டுமே.

நான் விரலாற் பிடித்து நிறுத்திய வேலையைப் பெட்டிக்குள் செய்பவை கிளட்சுகளும் பிரேக்குகளுமாம். சுழலும் ஒன்றைச் சுழலும் மற்றொன்றோடு பிணைப்பது கிளட்ச்; சுழலும் ஒன்றைப் பெட்டியின் உடலோடு பிணைத்து நிறுத்துவது பிரேக். இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றே. வழுவழுப்பான எஃகுத் தகடும், இருமுகத்திலும் காகிதம் போன்ற நார்ப்பொருள் ஒட்டிய தகடும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு எண்ணெயில் நனைந்திருக்கும். எண்ணெய் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் தகடுகளை நெருக்கும்; நெருங்கிய தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அழுத்தம் நீங்கினால் பற்றும் நீங்கும்.

பட்டறைச் சுவரில் மாமா தம் கையால் எழுதி ஒட்டிய ஓர் அட்டவணை உண்டு. நான்கு முன்கியர் உள்ள ஒருவகைப் பெட்டிக்கு உரியது அது. அப்பெட்டியில் பற்றும் உறுப்புகள் ஐந்து: அண்டர்டிரைவ் கிளட்ச், ஓவர்டிரைவ் கிளட்ச், ரிவர்ஸ் கிளட்ச், இரண்டாம் பிரேக், லோ-ரிவர்ஸ் பிரேக். முதல் கியரில் அண்டர்டிரைவும் லோ-ரிவர்ஸும் பற்றும். இரண்டில் அண்டர்டிரைவும் இரண்டாம் பிரேக்கும். மூன்றில் அண்டர்டிரைவும் ஓவர்டிரைவும். நான்கில் ஓவர்டிரைவும் இரண்டாம் பிரேக்கும். பின்கியரில் ரிவர்ஸ் கிளட்சும் லோ-ரிவர்ஸ் பிரேக்கும். எந்தக் கியரிலும் இவ்விரண்டே. புணர்ச்சி விதிகளை அட்டவணையாக எழுதிப் படித்த எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டிலும் நான்கிலும் வண்டி சறுக்குகிறதா? அவ்விரண்டிற்கும் பொதுவானது இரண்டாம் பிரேக். ஒன்றிலும் பின்கியரிலும் சறுக்குகிறதா? லோ-ரிவர்ஸ் பிரேக். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றிற் சறுக்கி, நான்கில் நன்றாக ஓடுகிறதா? அண்டர்டிரைவ் கிளட்ச். எல்லாவற்றிலும் சறுக்கினால், எல்லாவற்றிற்கும் பொதுவான எண்ணெயையும் பம்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். இரண்டே நாளில் இவற்றை ஒப்பித்துவிட்டேன்.

சக்கரங்களின் நோய்க்கு வேறு குறி. ஒரு நாள், ஓடும்போது முனகும் வண்டி ஒன்று வந்தது. மாமா என்னை அருகில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டினார். முதல் கியரில் முனகல், இரண்டில் முனகல், மூன்றில் ஓசையே இல்லை, நான்கில் மறுபடியும் முனகல். "மூன்றில் ஏன் நின்றது, சொல்" என்றார். முதல் நாள் என் கையிற் சுழன்ற தொகுதி நினைவிற்கு வந்தது. மூன்றாம் கியரில் இரண்டு கிளட்சுகள் சேர்ந்து பற்றுவதால் தொகுதி முழுவதும் ஒரே கட்டியாகச் சுழலும். பல்லோடு பல் உரசி உருளுவதில்லை. ஆகவே பற்களிலோ கோள்களைத் தாங்கும் ஊசி பேரிங்குகளிலோ பழுது என்பது தெளிவு. பம்பின் பழுதாயிருந்தால், வண்டி நிற்கும்போதும் என்ஜின் வேகத்தோடு ஓசை ஏறியிருக்கும். அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றினோம். அதில் ஒரு காந்தம் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாகப் படிந்திருப்பது இயல்பு. அந்த வண்டியின் காந்தத்திலோ முறிந்த ஊசி பேரிங்கின் துண்டுகள் மீன்செதில்போல் மின்னிக்கொண்டிருந்தன.

இவ்வளவும் கற்றபின் எனக்குச் சிறிது செருக்கும் உண்டாயிற்று. அந்தச் செருக்கோடு இருந்த நாளில்தான் சிதம்பரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் சூம்பியிருந்தது. கிளட்ச் மிதியை அவரால் மிதிக்க முடியாது. ஆகையால் வலக்கால் ஒன்றே போதுமான தானியங்கி வண்டியைப் பழையதாக வாங்கி ஓட்டி வந்தார். மாதந்தோறும் இருமுறை அவருடைய மனைவியாரைச் சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நான்கு மாதமாக வண்டி வேகம் பிடிப்பதில்லை. என்ஜின் கத்துகிறது, சக்கரம் ஓடவில்லை என்றார். வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் காட்டியபோது, கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என்று தொகை சொன்னார்களாம். "அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. வண்டியை விற்றுவிடலாம். ஆனால் இந்தக் காலை வைத்துக்கொண்டு அவளை நான் எப்படி அழைத்துப் போவேன்?" என்றார். குரலில் இரக்கத்தை வேண்டும் தொனி இல்லை. ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடை என்னவென்று கேட்பதுபோலவே கேட்டார்.

மாமா உடனே கருவியைத் தொடவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தேநீர் வருவித்துக் கேள்விகள் கேட்டார். சறுக்கல் வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? ஏற்றத்திலா, சமநிலத்திலா? கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது? நிறுத்துமிடத்தில் தரையில் ஏதேனும் சொட்டுகிறதா? ரேடியேட்டருக்குத் தண்ணீர் அடிக்கடி ஊற்றுகிறீர்களா? "வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஊற்றுகிறேன், ஐயா. தரையில் சொட்டுவதாகத் தெரியவில்லை" என்றார் பெரியவர். சறுக்கலைக் கேட்க வந்தவரிடம் தண்ணீரைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று நான் பொறுமை இழந்துகொண்டிருந்தேன்.

பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். கெடிலப் பாலத்தைக் கடந்து, திருப்பாதிரிப்புலியூர் நெரிசலைத் தாண்டி, பழைய பட்டினத்து வழியாகச் சிதம்பரம் சாலையிற் சென்றோம். ஒன்றும் இரண்டும் நன்றாகப் பற்றின. மூன்றாம் கியர் விழ வேண்டிய இடத்தில் என்ஜின் திடீரென்று கூவியது, வேகமோ கூடவில்லை. நான்கிலும் அப்படியே. பின்கியரில் குறையில்லை. பட்டறைக்குத் திரும்பிக் கருவியைப் பொருத்தியபோது பி 0733, பி 0734 என்னும் இரு குறிகள் தோன்றின. மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் சுழற்சி விகிதம் சரியில்லை என்பது அவற்றின் பொருள். அட்டவணையைத் திரும்பிப் பார்க்கவும் எனக்குத் தேவையில்லை. மூன்றிற்கும் நான்கிற்கும் பொதுவானது ஒன்றே. "ஓவர்டிரைவ் கிளட்ச்!" என்று பெரியவர் முன்னிலையில் உரக்கச் சொன்னேன். "அதை மட்டும் மாற்றினாற் போதும், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை" என்றும் சேர்த்துச் சொன்னேன். பெரியவரின் முகம் மலர்ந்தது.

மாமா தலையசைத்தார். "தேய்ந்தது அதுதான். ஏன் தேய்ந்தது?"

"பழையதாகிவிட்டது" என்றேன்.

"மற்ற நான்கும் அதே வயதுதானே, மாப்பிள்ளை?"

எனக்கு விடை தெரியவில்லை. மாமா என்ஜினை ஓடவிட்டு, கியர்க் கம்பியை ஒவ்வோர் இடத்திலும் ஒருகணம் நிறுத்தி, மீண்டும் நியூட்ரலிற் கொண்டுவந்து வைத்தபின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். நல்ல எண்ணெய் தெளிந்த செந்நிறமாயிருக்கும். கருகிய கிளட்சின் எண்ணெய் பழுப்பேறித் தீய்ந்த நாற்றம் வீசும். இதிலோ தீய்ந்த நாற்றமும் இருந்தது; நிறமோ பாலிற் செந்நிறம் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. "வெள்ளத்தில் நின்ற வண்டி" என்றேன். நான் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தபோது கடலூரில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அப்போது பட்டறைக்கு வந்த தானியங்கி வண்டிகளின் காற்றுத் துளை வழியாக நீர் புகுந்து எண்ணெய் இப்படியே வெளுத்திருந்ததாம். ஆனால் பெரியவர், தம் வண்டி அந்நாட்களில் மேடான இடத்தில் நின்றதென்றும், சக்கரம்கூட நனையவில்லையென்றும் உறுதியாகச் சொன்னார்.

அப்போதுதான் மாமா எழுந்து சென்று ரேடியேட்டருக்குப் பக்கத்திலுள்ள நீர்க்கலத்தின் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரலில் வழுவழுப்பான செந்நிறக் குழம்பு ஒட்டியிருந்தது. "தண்ணீர் தரையில் சொட்டவில்லை. பெட்டிக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது" என்றார்.

இத்தகைய பல வண்டிகளில் கியர்ப் பெட்டியின் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய், ரேடியேட்டரின் உள்ளேயே நீரால் சூழப்பட்டுச் செல்கிறது. இரண்டிற்கும் இடையே ஓர் உலோகச் சுவரே உண்டு. அச்சுவரில் நூலளவு வெடிப்பு விழுந்தால், வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் மிகுதியாதலால் எண்ணெய் நீருக்குள் போகும். என்ஜினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் உடனே வீழ்ந்துவிடும். சூடேறிய நீரின் அழுத்தமோ நெடுநேரம் நிற்கும். அப்போது நீர் எண்ணெய்க்குள் வரும். வண்டி ஓடாமல் நிற்கும் வேளையிலேதான் அந்நோய் உட்புகுகிறது. நீரும், நீரோடு கலந்த குளிர்விப்பு மருந்தும் கிளட்சுத் தகட்டின் நார்ப்பொருளில் ஊறி, அதை ஒட்டிய பசையை இளக்கிவிடுகின்றன. எந்த உறுப்பு மிகுதியாக உழைக்கிறதோ அது முதலில் விழுகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் பற்றிக்கொண்டிருக்கும் ஓவர்டிரைவ் கிளட்ச் விழுந்ததில் வியப்பில்லை.

அன்று மாலை, ஆட்கள் போனபின், மாமா எனக்கு ஒன்று சொன்னார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் இதே குறையோடு வந்தாராம். மாமா கிளட்ச் தகடுகளை மாற்றி எண்ணெய் ஊற்றி அனுப்பினார். நான்கே மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. தம் செலவிலேயே மறுபடி பிரித்தபோதுதான் ரேடியேட்டரைப் பார்த்தார். "இரண்டாம் முறை நான் காசு வாங்கவில்லை. ஆனால் அதற்குள் அவர் கடன் தவணை கட்ட முடியாமல் வண்டி போய்விட்டது. அட்டவணை சரியாகத்தான் சொன்னது; நான்தான் அதோடு நின்றுவிட்டேன்" என்றார். சுவரிலுள்ள அட்டவணையின் கீழே, அதுவரை நான் கவனியாத இடத்தில், பென்சிலால் 'தண்ணீர் பார்' என்று எழுதியிருந்தது.

நான் வீட்டுக்கு நடந்து செல்லும்போது யாப்பு வகுப்பை நினைத்துக்கொண்டேன். வெண்பாவில் தளை தட்டினால் அதைக் காது உணர்வது வருஞ்சீரில். மாணவன் உடனே அந்தச் சீரைத் திருத்தப் போகிறான். ஆனால் தளை என்பது நின்ற சீரின் ஈற்றசைக்கும் வருஞ்சீரின் முதலசைக்கும் உள்ள உறவு. பிழை நின்ற சீரிலும் இருக்கலாம். என் ஆசிரியர் எத்தனையோ முறை சொல்லிய இந்நுட்பத்தை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். ஓசை கெட்ட இடம் வேறு, பிழை நேர்ந்த இடம் வேறு என்பது எனக்கு உண்மையில் விளங்கியது அன்றுதான். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை மனப்பாடம் செய்து பரிசும் பெற்றவன் நான். அவ்வதிகாரத்தைப் படியாத மாமா அதன்படி நடந்துகொண்டிருந்தார்.

பெட்டியை இறக்கிப் பிரிக்க இரண்டு நாளாயிற்று. ஓவர்டிரைவ் கிளட்சின் தகடுகளில் நார்ப்பொருள் இருந்த இடமே தெரியவில்லை. எஃகுத் தகடுகளில் வெப்பத்தால் நீலப் புள்ளிகள் விழுந்திருந்தன. மற்ற நான்கிலும் தகடுகள் பார்வைக்கு நன்றாயிருந்தன. மாமா ஒன்றை எடுத்து நகத்தால் கீறச் சொன்னார். ஊறிய அட்டைபோல் நார் உரிந்து வந்தது. "ஓவர்டிரைவ் மட்டும் போதும்" என்று நான் பெரியவரிடம் சொன்ன வார்த்தை என்னைச் சுட்டது. அப்படிச் செய்திருந்தால் சில மாதங்களில் மற்றவை ஒவ்வொன்றாக விழுந்திருக்கும். புதுச்சேரிச் சாலையில் எங்கேனும் அவ்விருவரும் நின்றிருப்பார்கள்.

மாமா கோட்சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பற்கள் நன்றாயிருந்தன. ஒரு பேரிங்கில் மட்டும் துரு ஏறிச் சொரசொரப்பு இருந்தது, அதை மாற்றினார். ஐந்து உறுப்புகளின் நார்த்தகடுகளும், நீலம் பாய்ந்த எஃகுத் தகடுகளும், ரப்பர் வளையங்கள் யாவும் புதியனவாயின. என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் ஒரு கிளட்ச் இருப்பதால் அதையும் மாற்றினார். எல்லாவற்றிற்கும் முதலாகப் புதிய ரேடியேட்டர். எண்ணெய்க் குழாய்களையும் கழுவினோம். புதிய நார்த்தகடுகளை முதல்நாள் இரவே நல்ல எண்ணெயில் ஊறவைத்தோம். அடுக்கியபின் ஒவ்வொரு கிளட்சின் எண்ணெய்த் துளையிலும் அழுத்தக் காற்றைச் செலுத்தினார். உள்ளே பிஸ்டன் 'தொப்' என்று அடக்கமான ஓசையோடு நகர்ந்தால் அது சரி. காற்றுச் சீறினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஐந்தும் 'தொப்' என்றன. செலவெல்லாம் சேர்த்தும், முன்பு சொன்ன பட்டறையார் கேட்ட தொகையில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்போகவில்லை.

பெரியவர் வந்ததும் அவரையே ஓட்டச் சொன்னார் மாமா. மூவரும் சென்றோம். ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வரையிலும் சாலை திறந்து கிடந்தது. மூன்றாம் கியர் விழுந்ததும் தெரியவில்லை, நான்காவது விழுந்ததும் தெரியவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பும்போது, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்தத் தம்பி யார்? உங்களிடம் வேலை கற்கிறாரா?" என்று கேட்டார்.

"என் அக்காள் மகன், ஐயா. கல்லூரியில் தமிழ் படிக்கிறான்" என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமிதத்தைக் கேட்டு எனக்குத் தலை நிமிரவில்லை. விடுதி வாயிலில் நான் சொன்ன "எங்கள் ஊர்க்காரர்" என்னும் சொல் காதில் ஒலித்தது. என் நகக்கண்களைப் பார்த்தேன். அவற்றிலும் கறை இருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய வண்டி இருக்கலாம். அதன் எண்ணெய் செந்நிறமாயிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். இது மாமாவின் சார்பாக நான் சொல்லும் அறிவுரை. என் சார்பாகச் சொல்லத்தக்கது ஒன்றே. விடை விரைந்து கிடைத்துவிட்டால் 'ஏன்' என்று இன்னொருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்வியை அன்று மாமா கேட்காதிருந்தால், என் சரியான விடையே ஒரு குடும்பத்தை நடுவழியில் நிறுத்தியிருக்கும்.

இவ்வாண்டு மூன்றாம் ஆண்டு வகுப்பிற்குரிய தாளை நிரப்பிக் கொடுத்தேன். பாதுகாவலரின் தொழில் என்னும் கட்டத்தில் 'மோட்டார் மெக்கானிக், மஞ்சக்குப்பம்' என்று தெளிவான எழுத்தில் எழுதியிருக்கிறேன்.